பாலேக்கு வெற்றிலை பாக்கு

தொழிலைச் சரியாக நடத்தத் தெரியாமல் கம்பெனியை மூடியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. மரியாதை செய்தே ஒரு கம்பெனியை மூடவைத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதுவும் என்னுடைய கம்பெனி இல்லை. யாரோ சென்னைக்காரர்களுடைய நடனக் கம்பெனி. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதற்கு நான் செய்தது போதும்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்கு இருபத்து மூன்று வயது. சென்னையில் பி.ஏ. படித்து முடித்துவிட்டு (படித்தது நிஜம், முடித்தேன் என்பது கொஞ்சம் மிகை) திருமயத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். அப்பச்சிக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, ஈப்போவில் வியாபாரம். வீட்டில் ஆத்தாவும் நானும்தான். என்னை அங்கே வரவழைத்துக்கொள்வதா, இங்கேயே விட்டுவைப்பதா என்பது பற்றிக் கடிதங்கள் கப்பலில் போய் வந்துகொண்டிருந்தன. முடிவு தெரியும்வரை எனக்கு இருந்த ஒரே வேலை, காலையில் எழுந்ததிலிருந்து சென்னையைப் பற்றிப் பேசுவது.

ஆத்தாவின் அண்ணனை நான் அம்மான் என்று கூப்பிடுவேன். அவர் புதுக்கோட்டையில் ஒரு கீற்றுக் கொட்டகை வைத்திருந்தார். சினிமா இல்லாத நாட்களில் நாடகத்துக்கு விடுவார். அந்தப் பங்குனியில் சென்னைக் கம்பெனி அவருக்கு எழுதியிருந்தது. ஆறு நாள் சீசன், நாளுக்கு ஒரு பாலே, வெள்ளிக்கிழமை தொடங்கிப் புதன்கிழமை முடியும். அம்மான் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாலேன்னா என்னடா?"

"வாய் தெறந்து பேசாம, ஆடியே கதை சொல்றது அம்மான்."

"அவங்க பேசலைன்னா சனங்க பேசுவாங்களே" என்றார் அவர்.

அந்தச் சீசனைப் பற்றி யார் சொன்னதிலும் அறிவான வார்த்தை அது ஒன்றுதான். நான் அவரைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தேன். சென்னையில் நான் இரண்டு பாலே பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். (ஒன்றைப் பார்த்தேன். இன்னொன்றின் விளம்பரப் பலகையைப் பார்த்தேன்.) சீசனுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பை அவர் என்னிடம் விட்டதற்கு அந்தப் பொய்தான் காரணம்.

மேடையைச் சரிபார்க்க நாலு நாள் முன்னதாகவே இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் கம்பெனியை நடத்திய மாஸ்டர். ஆறடி உயரம், தோளில் சால்வை, பேசும்போது விரல்கள் தனியாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும். இன்னொருவர் வசந்தா என்ற நடனக்காரப் பெண். முப்பது வயதிருக்கும். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கம்பெனியில் ஆடுகிறாள். ஆடுகிறாள் என்றால், பெரும்பாலும் மரம். சில நாடகங்களில் மான். ஒரு தடவை அலையாக இருந்ததாகவும் அதில் முகம் தெரியாது என்றும் அவளே சொன்னாள்.

அவள் பிறந்தது மீமிசல். கடலோரத்தில் அவள் அம்மா வலை பழுது பார்க்கிறவர். பத்து வயதில் சித்தியோடு சென்னைக்குப் போனவள், இத்தனை வருஷத்தில் சொந்தமாக ஒரு பாலே அமைத்திருந்தாள். கடலுக்குப் போனவன் திரும்பாமல் இருக்க, கரையில் ஒருத்தி உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டே இருக்கும் கதை. மாஸ்டர் அதை ஐந்து வருஷம் தள்ளிப்போட்டு, கடைசியில் இந்தச் சீசனின் ஆறாம் நாளை அவளுக்குக் கொடுத்திருந்தார். முதல் ஐந்து நாள் கொட்டகை நிறைந்தால்தான் ஆறாம் நாள் நடக்கும் என்று நிபந்தனையும் போட்டிருந்தார். அன்றைக்கு மீமிசலிலிருந்து அவள் அம்மா பஸ் ஏறி வருவதாக ஏற்பாடு.

அச்சாபீசில் நோட்டீசுக்குப் புரூப் பார்க்கப் போனபோது அவளும் கூட வந்தாள். தன் பெயர் இருந்த வரியை ஈர மையோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"எங்கம்மா இதுவரைக்கும் என் ஆட்டத்தைப் பாத்ததே இல்லைங்க தம்பி. கொட்டகை காலியா கெடக்க நான் ஆடி, அது பாத்துட்டுப் போகக் கூடாது. கொஞ்சம் பாத்துச் செய்ங்க."

நான் மார்பில் கை வைக்காத குறையாக வாக்குக் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் நாடகத்துக்கு விளம்பரம் என்றால் குதிரை வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து, நோட்டீசை வீசிக்கொண்டே போவார்கள். இந்த உயர்ந்த கலைக்கு அது கேவலம் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஊர்களில் பெரிய பெரிய வீட்டு ஆச்சிகள் வீதியில் விழுந்த காகிதத்தைப் பார்த்துக் கொட்டகைக்கு வந்துவிடுவார்களா? முறையாகக் கூப்பிட்டால்தான் வருவார்கள். ஆகவே முறையாகக் கூப்பிடுவது என்று தீர்மானித்தேன்.

ஆத்தாவிடம் வெள்ளித் தட்டைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். சொன்னேன்.

"சீட்டு வித்து நடத்துற எடத்துக்கு வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடலாமாடா?"

கலைக்கும் சமுதாயத்துக்கும் உள்ள உறவைப் பற்றி நான் கால் மணி நேரம் விளக்கினேன். பாதியிலேயே ஆத்தா தட்டைத் தேய்த்து என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்கு அழைப்பதென்றால் ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளி என்று கணக்கிட்டு, ஒரு புள்ளி விடாமல், வீட்டுக்கே போய்க் கூப்பிட வேண்டும். நானும் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு மூன்று நாளில் நாலு ஊர் சுற்றினேன். வீட்டுக்குள் போய், தட்டை நீட்டி, குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, "வெள்ளிக்கெழமை நாலு மணிக்குப் புதுக்கோட்டை கொட்டகையில, குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்" என்று கும்பிட்டேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சொல்கிற அதே வாசகம். எனக்குத் தெரிந்த அழைப்பு அது ஒன்றுதான். வீட்டில் என்ன விசேஷம் என்று சிலர் கேட்டார்கள். சொன்னால் புரியாது, வந்து பாருங்கள் என்றேன். டிக்கெட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. நோட்டீசில்தான் போட்டிருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டேன். (அந்த நோட்டீசுகள் பூராவும் அம்மான் வீட்டுப் பரணில் இருந்தன.)

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே கூட்டம் வந்துவிட்டது. பெண்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று ஆட்டத்தை நாலு மணிக்கு வைத்தவனும் நான்தான். பஸ்ஸிலும் வில்வண்டியிலும் வந்து இறங்குகிறார்கள். பட்டுப்புடவை, வைரத்தோடு, குழந்தைகள் கழுத்தில் காசுமாலை. ஒரு பெரிய ஆச்சி வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு பித்தளைக் குடமும் கொண்டு வந்திருந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த வசந்தாவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவ்வளவு கூட்டத்தை அவள் கனவிலும் எதிர்பார்த்திருக்கவில்லை.

கேட்டில் நின்றவர் ஆவூர்க்காரர் சூசை. அவர் என்னைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏங்க, வந்தவங்க ஒருத்தருகிட்டயும் சீட்டு இல்லைங்க. எல்லாரும் ஒங்க பேரைத்தான் சொல்றாங்க."

வாசலுக்கு ஓடினேன். குடத்தோடு வந்த பெரிய ஆச்சி வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்கள்.

"ஏன்டா சொக்கலிங்கம், வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டுட்டு வாசல்ல நிறுத்திச் சீட்டுக் கேக்குற பழக்கம் நம்ம ஊர்ல எப்ப வந்துச்சு?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் பத்துப் பேர் திட்டியிருப்பார்கள், பாதிப் பேர் சிரித்துக்கொண்டே டிக்கெட் வாங்கியிருப்பார்கள். நான் குடத்தை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க ஆச்சி" என்றேன். எல்லோரும் உள்ளே போனார்கள். ஊர் ஊராக, உறவு உறவாக, முன்வரிசையிலிருந்து உட்கார்ந்தார்கள். பிறகு வாசல் பலகையைப் பார்த்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த புதுக்கோட்டை வக்கீல்களும் வாத்தியார்களும் தூணோரம் நின்றார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை.

முதல் நாள் பாலே ஒரு மான் வேட்டை. திரை தூக்கும்போது மணி ஐந்தாகிவிட்டது. கீற்று இடுக்கு வழியாக வெயில் மேடையில் வட்டம் வட்டமாக விழுந்ததால், நிலவொளி என்று மாஸ்டர் பாடுபட்டு அமைத்திருந்த நீல விளக்கு இருக்கும் இடமே தெரியவில்லை. ஆனாலும் நன்றாகத்தான் ஆடினார்கள். முன்வரிசையில்தான் மெல்ல ஒரு கேள்வி பரவ ஆரம்பித்தது. பந்தி எந்தப் பக்கம்?

விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்புவதா? கொட்டகைக்குப் பின்னால் கம்பெனி ஆட்களுக்காக அண்டாவில் உப்புமாவும் காபியும் தயாராக இருந்தன. இருபது பேர் ஆடி முடித்துவிட்டுச் சாப்பிட வைத்திருந்தது. அதை எடுத்து நான் மந்தார இலையில் பரிமாற ஏற்பாடு செய்தேன். நாடகத்தில் காடே மௌனமாகி, வேடன் வில்லை வளைக்கும் கட்டம். புல்லாங்குழல் ஒற்றை இழையாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் நடுவே டவரா டம்ளர் சத்தமும், "இங்கிட்டு ஒரு எலை வரலை" என்ற குரலும்.

இதையும் பொறுத்திருக்கலாம். ஐந்தே முக்காலுக்குப் பஸ். எங்கள் ஊரில் விசேஷத்துக்கு வந்தவர்கள் கூப்பிட்டவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போகமாட்டார்கள். அப்படிப் போனால் மனஸ்தாபத்தோடு போனதாக அர்த்தம். கூப்பிட்டவன் நான். நான் நின்றது மேடையின் ஓரத்தில், திரை மறைவில். முதலில் பெரிய ஆச்சிதான் எழுந்தார்கள். படியேறி, மேடையின் குறுக்காக நடந்து, என்னிடம் வந்து, "போயிட்டு வாரோம்ப்பா, ரொம்பத் திருப்தி" என்றார்கள். நான் கும்பிட்டேன். அவர்கள் பின்னால் அடுத்த ஆச்சி. அவர்கள் பின்னால் ஒரு செட்டியார், குடும்பத்தோடு. திரும்பிப் பார்க்கிறேன், கொட்டகையே வரிசையில் நிற்கிறது.

மாஸ்டர் இசையை நிறுத்தவில்லை. அந்த மனிதரின் வைராக்கியம் அது. அம்பு பட்ட மானாக வசந்தா மேடை நடுவே சாய்ந்து கிடந்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு வரிசை நகர்ந்தது. ஒரு ஆச்சி குனிந்து, இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து விபூதி எடுத்து, செத்துக்கொண்டிருந்த மானின் நெற்றியில் பூசி, "நல்லாயிரு ஆத்தா" என்றார்கள். வசந்தா அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அப்போதுதான் புல்லாங்குழல்காரர் வாயிலிருந்து குழலை எடுத்தார். யாரும் திரையை இறக்கச் சொல்லவில்லை. அதுவாக இறங்கியது.

மறுநாள் நாலு மணிக்குக் கொட்டகையில் நானும் சூசையும் நாற்காலிகளும் இருந்தோம். விசேஷத்துக்கு ஒரு தடவை போய்வந்தால் முடிந்தது. இரண்டாம் நாளுக்கு யாரும் வெற்றிலை பாக்கு வைக்காதபோது எங்கள் ஆட்கள் எப்படி வருவார்கள்? புதுக்கோட்டைக்காரர்கள் முதல் நாள் தூணோரம் நின்ற அவமானத்தை மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர் மீதி ஆட்டங்களை ரத்து செய்தார். என்னைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த விரல்கள் சால்வைக்குள் இருந்தன.

அன்று மத்தியானம் வசந்தா என்னிடம் வந்தாள். ரயில் வியாழக்கிழமைதான். புதன்கிழமை கொட்டகை சும்மாதான் கிடக்கும். டிக்கெட் இல்லாமல் தன் பாலேயை மட்டும் ஆட மாஸ்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தாள்.

"அம்மாவுக்குத் தந்தி குடுத்து நிறுத்த எனக்கு மனசில்லைங்க. இப்பத்தான் சீட்டே இல்லையே, நீங்க செஞ்ச மாதிரி வெத்தலை பாக்கு வச்சே கூப்பிடலாம். இன்னொரு தடவை போயிட்டு வாங்க தம்பி. வேணும்னா நானும் கூட வாரேன்."

அவள் சொன்னது முழுக்கச் சரி. தட்டு இப்போதுதான் பொருத்தமான காரியத்துக்கு வந்திருந்தது. நாளைக் காலையிலேயே கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

ஏறியவன் காதில் பஸ்ஸிலேயே விழுந்தது, செட்டியார் வீட்டுப் பிள்ளை ஆட்டக்காரிகளோடு சேர்ந்துவிட்டான் என்ற பேச்சு. இதை யாராவது ஈப்போவுக்கு எழுதிவிட்டால்? அதே தட்டோடு அதே வாசல்களில் எந்த முகத்தோடு ஏறி நிற்பது? அவளும் கூட வந்தால் ஊர் என்ன சொல்லும்? இரவெல்லாம் யோசித்து, திங்கட்கிழமை காலையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பங்குனி வெயிலில் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தால் யாருக்கும் உடம்பு சுடும். ஆத்தா தொட்டுப் பார்த்துவிட்டு நிலவேம்புக் கஷாயம் போட்டார்கள். அதை மூன்று நாள், மூன்று வேளையும் குடித்தேன். நான் செய்ததற்கு அது காணாது.

அன்று பதினொரு மணிக்கு வாசலில் அவள் குரல் கேட்டது. நான் அறைக்குள் கம்பளிக்கு அடியில் இருந்தேன்.

"தம்பி இருக்காங்களாம்மா?"

"காய்ச்சலாப் படுத்திருக்கான். நீ யாரு ஆத்தா?"

நான் எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். முதல் நாள் செய்தது மூடத்தனம். அதற்கு வயது காரணம், சென்னை காரணம் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இந்த நாலு எட்டு வைக்காததற்கு இன்றுவரை என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

"அவங்க படுத்திருக்கட்டும்மா. நானே கூப்பிட்டுக்கிறேன்" என்றாள் வசந்தா. எங்கோ கடையில் வாங்கிய எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு கொண்டு வந்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும் என்று அவள் சொல்லிக்கொடுத்தது போல் சொன்னது காதில் விழுந்தது. ஆத்தா உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு அவளோடு தெருவில் இறங்கினார்கள். எங்கள் தெருவில் ஒரு புள்ளி விடாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூப்பிட வைத்தார்களாம்.

புதன்கிழமை மத்தியானம் ஆத்தா அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நீயும் வருகிறாயா என்று கேட்டார்கள். நான் இருமினேன். காய்ச்சல்காரனுக்கு இருமல் ஏது என்று கேட்காமல் போய்விட்டார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்து அவர்கள் சொன்னதுதான் எனக்குத் தெரிந்த மீதிக் கதை. எங்கள் தெரு ஆச்சிகள் பத்துப் பன்னிரண்டு பேர். முன்வரிசையில் நடுவில் வசந்தாவின் அம்மாவை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் இவர்கள். பின்னால் கொட்டகை முழுக்கக் காலி. ஆனால் அந்தப் பெண் முன்வரிசையைத் தாண்டிப் பார்க்கவே இல்லையாம். முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"வந்து பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஆத்தா அடுப்படிக்குப் போனார்கள்.

கம்பெனி அடுத்த வருஷமே கலைந்துவிட்டது என்று அம்மான் சொன்னார். வசந்தா அதற்கப்புறம் எங்கே ஆடினாள், ஆடினாளா என்பது கூடத் தெரியாது. மீமிசல் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இறங்கி விசாரித்ததில்லை. அதற்கும் காரணம் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமைக் கூத்து மட்டும் ஊரெல்லாம் பரவி, என் கல்யாணத்தன்று மாப்பிள்ளைத் தோழர்கள் வாசலில் சூசையையே நிறுத்திச் சீட்டுக் கேட்கவைத்தார்கள். என் மனைவி அதைக் கேட்டுக் கேட்டு என்னைவிட நன்றாகச் சொல்வாள். ஆத்தா மட்டும் சிரித்ததில்லை. பல வருஷம் கழித்து, என் மூத்த மகளின் கல்யாணத்துக்கு யார் யாரை அழைப்பது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, மான் நெற்றியில் விபூதி பூசிய கட்டத்தை என் மனைவி நடித்தே காட்டினாள். வீடே சிரித்தது. ஆத்தா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு அன்னைக்கு எனக்கு வெத்தலை பாக்கு குடுத்துட்டு, 'இது தம்பிக்கு'ன்னு தனியா ஒரு பங்கு வச்சுட்டுப் போச்சு" என்றார்கள். "காய்ச்சல்காரனுக்கு எதுக்குன்னு நான்தான் போட்டுக்கிட்டேன்."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். முன்னைவிடப் பலமாகவே சிரித்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் யாராவது தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லி ஒரு விசேஷத்துக்குப் போகாமல் தட்டிக்கழித்தால், "ஒம் பங்கு வெத்தலையை யாரு போட்டது?" என்று பேரன் பேத்திகள் வரை கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன், சிரிக்கிறேன். வாழ்க்கையில் எத்தனையோ பேரை முறை தவறிக் கூப்பிட்டிருக்கிறேன். என்னை முறையாகக் கூப்பிட்ட அந்த ஒரு இடத்துக்கு நான் போகவில்லை.